அம்மா என்று பொறித்த கொக்கி

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். உன் இருமல் விட்டதா? போன கடிதத்தில் அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதாததால் இன்னும் இருமிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

வாராவாரம் போனில் பேசுகிறோமே, எதற்குக் காகிதம் என்று கேட்டிருந்தாய். அம்மாவிடமே கேட்டேன். "போன்ல பேசினது அப்பவே போயிடுது. காகிதம்னா இன்னொரு தடவை படின்னு சொல்லலாம்" என்கிறாள். அவள் கண்ணுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. நீ எழுதுவதை நான் உரக்கப் படிக்க வேண்டும், ஒரு எழுத்து விடக்கூடாது. நடுவில் மூச்சு வாங்கினால்கூட "எதையோ முழுங்கிட்டே" என்று பிடித்துக்கொள்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் வாக்கரில் பக்கவாட்டில் ஒரு கொக்கி உண்டே, கால்களை விரித்ததும் ‘டக்’ என்று விழுந்து வாக்கர் மடங்காமல் பிடித்துக்கொள்ளுமே, அது தேய்ந்துவிட்டது. விற்ற கடையில் கேட்டால் அந்த மாடலே இப்போது வருவதில்லையாம். லேத் பட்டறைக்குப் போனேன். "ஒரே ஒரு கொக்கிக்கு மெஷினைத் திருப்ப முடியாதும்மா. ஐம்பது கேளுங்க, போட்டுத் தர்றேன்" என்றார். ஐம்பது கொக்கியை வைத்து நான் என்ன மாலையா கட்டுவது? இப்போதைக்குத் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். புது வாக்கர் வாங்கலாமென்றால் அம்மா கேட்பதாயில்லை. இதன் உயரம் அவள் கைக்குப் பழகிவிட்டது.

எங்கள் பல் செட்டு லேபில் பல் அளக்கும் கருவியால் பழைய கொக்கியை எல்லாப் பக்கமும் அளந்து, ஒரு படமும் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நீ கம்பெனியில் நாள் முழுக்க இதைத்தானே வரைகிறாய், ஏதாவது வழி பண்ணு. நேரில் வந்து பண்ணினால் இன்னும் நல்லது. நீ வந்துபோய் ரொம்ப நாளாயிற்று என்று நான் சொல்லவில்லை, அம்மா எழுதச் சொன்னாள்.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நான் சௌக்கியம். இருமல் போயே போய்விட்டது. அம்மா, அக்கா இந்த வரியை இரண்டு தடவை படிப்பாள்.

அக்கா, உன் படத்தைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் அளவு எல்லாம் கச்சிதம். பட்டறைக்காரரிடம் இனிக் கெஞ்ச வேண்டாம். இதற்கென்றே ஓர் இணையதளம் இருக்கிறது. கடை கிடையாது, முதலாளி கிடையாது, "நாளைக்கு வாங்க" கிடையாது. கம்ப்யூட்டரில் வரைந்த உருவத்தை ஏற்றினால் போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் விலையைச் சொல்லிவிடும். பிளாஸ்டிக்கா, அலுமினியமா, எத்தனை வேண்டும், எப்போது வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட விலை ஏறி இறங்கும். ஒன்றே ஒன்று கேட்டாலும் முகம் சுளிக்காது, முகம் இருந்தால்தானே. எந்த ஊரில் எந்தப் பட்டறையில் செய்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, வீட்டு வாசலுக்குப் பெட்டி வந்துவிடும். சாப்பாட்டு இடைவேளையில் வரைந்து, சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆர்டர் கொடுத்துவிட்டேன். நடுவில் ஏதோ சின்னக் கேள்வி கேட்டது, அதற்கும் ‘சரி’ என்று தட்டிவிட்டேன்.

அலுமினியம் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு சமாசாரம் அதில் ஒளித்து வைத்திருக்கிறேன். என்னவென்று எழுத மாட்டேன். கொக்கியின் கழுத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்க்கச் சொல். கண் வேண்டாம், விரல் போதும்.

லீவு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. அடுத்த வருடம் கட்டாயம் பார்க்கிறேன்.

இப்படிக்கு
அம்மாவின் துரை


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். சுகம் என்றால் சும்மா சுகமில்லை, அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டி வந்தது. நான் எழுத்தைப் பார்த்துவிட்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக் கொக்கியின் கழுத்தில் வைத்தேன். மெதுவாகத் தடவினாள். முதல் எழுத்தில் நின்றாள். திரும்ப ஆரம்பத்திலிருந்து தடவினாள். "அ... ம்... மா" என்று எழுத்துக்கூட்டினாள். பிறகு என்னை அடுக்களைக்கு அனுப்பிவிட்டாள். அவள் அழும்போது ஆள் இருக்கக் கூடாது, தெரியுமே உனக்கு.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் பிடித்து உட்காரவைத்து, விரலைக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறாள். பால் கொண்டுவருபவர், தபால்காரர், மாடிவீட்டுக்காரி, யாரையும் விடவில்லை. "எங்க துரை செஞ்சு அனுப்பினான்" என்கிறாள். டி.வி. பார்க்கும்போதும், அதாவது கேட்கும்போதும், விரல் அங்கேதான் கிடக்கிறது. அத்தனை ஆழமாக வெட்டச் சொன்னாயே, அதனால்தான் அவளுக்குப் படிக்க முடிகிறது.

கொக்கியும் நன்றாகப் பிடிக்கிறது. கழிவறைக்கும் வாசலுக்கும் தானே போய் வருகிறாள். அதனால் உனக்கு இன்னொரு செய்தி சொல்கிறேன். எங்கள் முதலாளியம்மா வேறு ஊரில் புது லேப் திறக்கிறார். அதை நான் பொறுப்பேற்று நடத்த வேண்டுமாம். என் கீழே நாலு பேர்! இத்தனை வருடம் அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன், இப்போது எனக்கென்று ஒரு மேசை. பகலில் ஒரு துணை ஆள், ராத்திரிக்கு மாடிவீட்டுக்காரி, வாரக் கடைசியில் நான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவே "போடி, எனக்கென்ன, நான்தான் நடக்கிறேனே" என்றாள். வாய் சொல்லிற்று, முகம் அவ்வளவாகச் சொல்லவில்லை. செப்டம்பரில் போய்ச் சேர வேண்டும்.

உன் கொக்கிதான் எனக்கு வழி விட்டது. நீ நன்றாயிரு.

அன்புடன்
அக்கா


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. போனில் நான் அழுததுதான் உன் காதில் விழுந்திருக்கும். இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

அன்று காலையில் கூடத்தைத் துடைப்பதற்காக வாக்கரை மடக்கிச் சுவரோரம் வைத்தேன். துடைத்து முடித்து விரித்து அம்மா பக்கத்தில் வைத்தேன். அந்த ‘டக்’ சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். கேட்ட மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. மனசெல்லாம் புது லேபில் இருந்தது. திரைச்சீலை என்ன நிறத்தில் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு. அடுக்களைக்குப் போன கையோடு சத்தம் கேட்டது. ஓடி வந்தால் வாக்கர் மடங்கிக் கிடக்கிறது, அம்மா அதன் மேல் கிடக்கிறாள்.

இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. விழுந்ததைப் பற்றியும் பேசுவதில்லை. நான் பேச்செடுத்தால் "விடு" என்கிறாள்.

கொக்கி இரண்டாக உடைந்திருந்தது. எழுத்தின் நடுவிலேயே. ‘அம்’ ஒரு துண்டில், ‘மா’ ஒரு துண்டில். நான் அரைகுறையாகப் பூட்டியதால் பாரம் முழுக்க ஒரே பக்கம் விழுந்து உடைந்திருக்க வேண்டும். நீ அவ்வளவு ஆசையாகச் செய்து அனுப்பியதையும் நான் உடைத்தேன், அம்மாவையும் உடைத்தேன்.

லேபுக்கு வரமாட்டேன் என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவசரப்படாதே, யோசித்துச் சொல் என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு கொக்கியை ஒழுங்காகப் பூட்டத் தெரியாதவள் நாலு பேரை எப்படி மேய்ப்பாள்?

நீ வர முடியாமல் போனதற்கு வருத்தப்படாதே. வேலை இருக்கும்.

அக்கா


மே 13
(எழுதி, அனுப்பாமல் வைத்தது)

அக்கா,

நீ ஒழுங்காகத்தான் பூட்டியிருப்பாய். நீ பூட்டாமல் விடுகிறவள் இல்லை.

அந்த இணையதளம் ‘ஏதோ சின்னக் கேள்வி’ கேட்டது என்று எழுதினேனே, அது சின்னக் கேள்வி இல்லை. நான் எழுத்தைப் பொறித்த இடத்தைச் சிவப்பாகக் காட்டியது. பள்ளத்துக்குக் கீழே உலோகம் மெலிந்துவிட்டது, பாரம் வந்தால் உடையலாம் என்று எழுதிக் காட்டியது. இரண்டு வழியும் சொன்னது. பள்ளத்தைக் குறை, அல்லது ஒரு நாள் பொறு, எங்கள் ஆள் ஒருவர் சரிபார்த்துச் சொல்வார் என்றது. மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது. ‘தெரிந்தேதான் கேட்கிறேன், அப்படியே செய்யவும்.’ அதில் தட்டினேன்.

பள்ளத்தைக் குறைத்தால் அம்மாவின் விரலுக்குத் தட்டுப்படாது என்று நினைத்தேன். கழுத்தைத் தடிமனாக்கியிருக்கலாம். அதற்குப் படத்தைத் திரும்ப வரைய வேண்டும், சாப்பாட்டு நேரம் முடிந்துகொண்டிருந்தது. அதுவும் முழு உண்மை இல்லை. இதே வேலையை இத்தனை வருடமாகச் செய்கிறேன், ஒரு மெஷின் எனக்குச் சொல்லித் தருவதா என்ற திமிர். அதைவிட, அந்த எழுத்தைத் தொட்டதும் அம்மா என்னை நினைத்துக்கொள்வாள், ஊருக்கு வராததைக் கேட்க மாட்டாள் என்ற ஆசை. நான் வர வேண்டிய இடத்துக்கு ஒரு கொக்கியை அனுப்பினேன்.

என் கணக்கைத் திறந்து பார்த்தேன். அந்த உருவம் அப்படியே சுழன்றுகொண்டிருக்கிறது, சிவப்பும் அப்படியே இருக்கிறது. அதன் கீழே ‘மீண்டும் ஆர்டர் செய்ய’ என்று கேட்கிறது.

ஆபரேஷனுக்கு வராததற்கு வேலை காரணமில்லை. லீவு கேட்கவே இல்லை. உடைந்த துண்டை உன் கையில் பார்க்கத் தைரியமில்லை.

நான் எழுதுவதையெல்லாம் நீ அம்மாவுக்கு உரக்கப் படிப்பாயே, இதை எப்படிப் படிப்பாய்?


ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நான் சுகம். அம்மாவின் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். டாக்டர் சொன்ன பயிற்சியைத் தவறாமல் செய்யச் சொல். பதில் தாமதமாகிவிட்டது, இங்கே வேலை கழுத்துவரை இருக்கிறது.

அக்கா, நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. இந்த மாதிரி விஷயங்களுக்கு இதுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லார் வீட்டிலும் நடக்கிறது. நடந்தது நடந்துவிட்டது. இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். நல்லதாக ஒரு புது வாக்கர் வாங்கிவிடு, எந்த மாடல் நல்லது என்று விசாரித்துத் தனியாக எழுதுகிறேன்.

உடைந்த துண்டுகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். அம்மா கையில் குத்திவிடப் போகிறது. குப்பையில் போட்டுவிடு.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. குடை தொலைந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு
துரை


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா தேறி வருகிறாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடக்கிறாள். உன் குடை தொலைந்ததுதான் அவளுக்குப் பெரிய கவலை.

புது வாக்கர் வாங்கிவிட்டேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆஸ்பத்திரி நாற்றம் அடிக்கிறதாம். நான் அதை ஒவ்வொரு தடவையும் விரித்து, அமுக்கி, திரும்ப அமுக்கி, என் எடையைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் கொடுக்கிறேன். கொடுத்த பிறகும் கை எடுக்க வரமாட்டேன் என்கிறது. அவளைக் குளிப்பாட்டும்போது இடுப்பில் அந்தத் தழும்பைப் பார்க்கிறேன். "மன்னிச்சுக்கோம்மா" என்றேன் ஒரு நாள். தண்ணீர் ஊற்றச் சொன்னாள். என்மேல் கோபம்தான் போலிருக்கிறது.

துண்டுகளை நான் போடவில்லை. அம்மா கேட்டு வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

முதலாளியம்மா நேரிலேயே வந்துவிட்டார். ஆகஸ்ட் முடியும்வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டாராம். அவர் போன பிறகு கொஞ்சம் ஆசை வந்தது, மறைப்பானேன். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். அந்தக் கொக்கி அரைகுறையாகப் பூட்டினால் உடையுமா? இல்லை, சரியாகப் பூட்டியிருந்தாலும் உடைந்திருக்குமா? நீ வரைந்தவன். நீ எது சொன்னாலும் நம்புவேன். நான்தான் காரணம் என்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன், எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. தெரிந்துவிட்டால் போதும்.

அன்புடன்
அக்கா


ஜூலை 26

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

உன் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. போனில் கேட்டால் "எழுதறேன்க்கா" என்கிறாய், உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான்தான் காரணம் என்று என் முகத்துக்கு நேரே சொல்ல உனக்கு மனசு வரவில்லை. சின்ன வயசிலிருந்தே நீ அப்படித்தான், யாரையும் நோகடிக்க மாட்டாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியாதா? சொல்லாமலே சொல்லிவிட்டாய். இனிக் கேட்க மாட்டேன்.

நாளைக்கு லேபுக்குப் போய்க் கடைசியாக ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

இது உனக்கு மட்டும். அம்மாவுக்குப் படிக்காதே.

எனக்கு நல்ல மனசு இல்லை. அந்த வார்த்தையைப் படித்துவிட்டு ஆபீசில் எழுந்து வெளியே போய் நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதனுடன் இன்னொரு காகிதம் இருக்கிறது. மே மாதத்திலேயே எழுதியது. அனுப்பாமல் மேசையில் வைத்திருந்தேன். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும், படித்துவிட்டு இதற்கு வா.

படித்தாயா? இப்போது நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நீ எப்படிப் பூட்டியிருந்தாலும் அது உடைந்திருக்கும். ‘டக்’ என்று ஊருக்கே கேட்கும்படி பூட்டியிருந்தாலும் உடைந்திருக்கும். ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ, அவ்வளவுதான். உடைந்த இடத்தைச் சொன்னாயே, சிவப்பாகக் காட்டியது அதே இடம்தான். உன் மேல் அணுவளவும் தப்பு இல்லை. இதை ஜூன் மாதமே ஒரே வரியில் எழுதியிருக்கலாம். காகிதத்தை எடுத்து வைப்பேன், அம்மா காதில் விழுமே என்று ஒரு சாக்கு சொல்லிக்கொள்வேன், மடித்து வைத்துவிடுவேன். அம்மாவுக்காக இல்லை. நான் அனுப்பியதைத் தடவித் தடவிப் பெருமைப்பட்டவள், அதே விரலால் என்னைத் தள்ளிவிடுவாளோ என்ற பயம். பழியை நீயாகவே எடுத்துக்கொண்டாய், எனக்கு வசதியாக இருந்தது. உன் வேலை போவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். லேபுக்குப் போய் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டாயா?

தம்பி


ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

அம்மா சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்குச் சொல்ல இஷ்டமில்லை.

உன் இரண்டு காகிதத்தையும் படித்தேன். லேபுக்கு எடுத்துப் போய் அங்கேயும் படித்தேன். பல் செட்டு ஒன்று கையிலிருந்து விழுந்து உடைந்தது, அந்தக் கிழவரிடம் நான்தான் திட்டு வாங்கினேன். ராத்திரியெல்லாம் அந்த ‘டக்’கைத் தேடிக்கொண்டு விழித்திருந்தேனே, அப்போது உன் மேசையில் ஒரு காகிதம் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுத்தை ஆழமாக வெட்டியதற்கு உன்மேல் எனக்குக் கோபமே இல்லை, அது ஆசையில் செய்தது. ‘எல்லார் வீட்டிலும் நடக்கிறது’ என்று எழுதினாயே, அதற்குத்தான் கோபம். துண்டைக் குப்பையில் போடச் சொன்னாயே, அதற்கு. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

உன் கவர் வந்தபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். "துரை கடிதமா? படி" என்றாள். முதல் வரியிலேயே படிக்காதே என்கிறாய். அவளோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டில் கடிதம் வந்து படிக்காமல் இருந்ததே இல்லை. அதனால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நானே ஒரு கடிதம் படித்தேன். என்ன படித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அது நீ எழுதியது.

"அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகம். கம்பெனியில் பேசிவிட்டேன். நம் வீட்டிலிருந்தே படம் வரைந்து அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த மாதக் கடைசியில் வந்துவிடுவேன். வந்தால் போக மாட்டேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அக்கா புது லேபுக்குப் போய்ச் சேரட்டும். இப்படிக்கு, துரை."

அம்மா சந்தேகமாக என் பக்கம் திரும்பினாள். "எதையாவது முழுங்கினியா?" என்றாள். இல்லை என்றேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். நல்ல வேளை, வரிகள் நினைவிருந்தன.

அன்று லேபுக்குப் போனபோது முதலாளியம்மா புது ஊருக்குப் போயிருந்தார், திரும்பி வருவதற்குள் உன் கவர் வந்துவிட்டது, அதனால் இன்னும் ‘இல்லை’ சொல்லவில்லை. ‘சரி’ என்று சொல்லப்போகிறேன். உன் அறையைக் கழுவி வைத்திருக்கிறேன்.

அக்கா


நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மா சுகம், நான் சுகம். உன் புது மேசை எப்படி இருக்கிறது? உன் கீழே இருக்கும் நாலு பேரும் உனக்குப் பயப்படுகிறார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் கடிதத்தை நேற்று உரக்கப் படித்தேன். எனக்கு இன்னும் ஏற்ற இறக்கம் வரவில்லையாம், விலைப்பட்டியல் வாசிப்பது போல் இருக்கிறதாம். சாப்பாட்டு மேசையில்தான் படம் வரைகிறேன். பழைய வாக்கருக்கு அதே இணையதளத்தில் புதுக் கொக்கி வாங்கி மாட்டிவிட்டேன். தடிமனான, வெறும் கொக்கி. சிவப்பு எங்கேயும் காட்டவில்லை, இருந்தாலும் ஒரு நாள் பொறுத்து அவர்கள் ஆளைச் சரிபார்க்கச் சொன்னேன். அம்மா தடவிப் பார்த்தாள். "மொட்டையா இருக்கே" என்றாள். மொட்டையாகத்தான் இருக்கும் என்றேன். ஏன் என்றாள்.

சொல்லிவிட்டேன் அக்கா. சிவப்பைச் சொன்னேன், கட்டத்தைத் தட்டியதைச் சொன்னேன், நீ பழி சுமந்ததையும் நான் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவள் தலையணையைத் தூக்கி அந்த இரண்டு துண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"இது வெடிச்சது. விழறதுக்கு முன்னாடியே தெரியும். ரெண்டாவது எழுத்துக்குக் கீழே தலைமுடி மாதிரி ஒண்ணு விரல்ல தட்டுப்பட்டுது. தினம் தடவறேன், எனக்குத் தெரியாதா? கொஞ்சம் கொஞ்சமா நீண்டுக்கிட்டே போச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உங்க அக்கா அன்னைக்கே கழட்டிப் போட்டிருப்பா. நீதான் வரலை, உன் எழுத்தாவது இருக்கட்டும்னு நினைச்சேன்" என்றாள்.

அக்கா தன்மேல் தப்பு என்று உருகிக்கொண்டிருந்தாளே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். வெகுநேரம் துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "சொன்னா அவ வேலைக்குப் போயிடுவா. போகலைன்னு அவ சொன்னப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு. குளிப்பாட்டும்போது மன்னிச்சுக்கோன்னா. தண்ணி ஊத்துன்னேன். பாவி நான்."

உன்மேல் அவளுக்குக் கோபமே இருந்ததில்லை அக்கா. உன் முகத்துக்கு நேரே உட்கார முடியாமல்தான் பேசாமல் இருந்திருக்கிறாள். என்னை மாதிரியேதான். என் புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்றும் சொன்னாள். ஆகஸ்டில் நீ படித்த கடிதம் நான் எழுதியதில்லை என்று அப்போதே தெரியுமாம். "உங்க அக்கா நடுவுல மூச்சே வாங்கலை. எழுதினதைப் படிக்கிறவ மூச்சு வாங்குவா" என்றாள். தெரிந்தும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லியிருக்கிறாள்.

இதையெல்லாம் உனக்கு எழுதாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அனுப்பாமல் வைத்த காகிதம் போதும்மா, எழுதத்தான் போகிறேன் என்றேன். கையை விட்டுவிட்டு, "சரி, எழுது. திட்டுவா" என்றாள்.

‘மன்னித்துவிட்டேன்’ என்ற அந்த ஒரு வரியை நீ இன்னும் எனக்கு எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது என்னோடு சேர்த்து அவளையும் திட்டி எழுது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படிக்கிறேன்.

இப்படிக்கு
தம்பி